பத்துப் பேரில் மூன்று பேர்

கும்மிடிப்பூண்டி,
ஆவணி 12

கனடாவில் இருக்கும் என் மகன் முரளிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் துர்காதேவியும் குழந்தையும் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன். முதலில் நல்ல சேதி. உன் அக்கா மகன் குணாவுக்கு இரும்புக் கம்பெனியில் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது, அவன் தங்கை தமிழ்செல்வி நர்சிங் மூன்றாம் வருஷத்தில் காலேஜிலேயே முதல், உன் மகள் பாட்டுப் பாடிப் பரிசு வாங்கியதை ரயிலில் பக்கத்து சீட்டுக்காரியிடம்கூடச் சொல்லிவிட்டேன். நம் பிள்ளைகள் ஒன்றும் சோடை போகவில்லை நைனா, நான் மட்டும் போவேனா?

நாலு வருஷமாக வீடியோவில் முகம் காட்டாததற்குப் போன் ரிப்பேர் என்று சொன்னது பொய். மூக்கும் தாடையும் தடித்து, குரலும் ஆம்பிளைக் குரலாகிவிட்டது. செருப்பை மூன்று தடவை பெரிதாக வாங்கினேன், கடைக்காரன் அளவில் ஏமாற்றுகிறான் என்று சண்டைகூடப் போட்டேன். சென்னை டாக்டர்தான் நம் வீட்டுப் பழைய போட்டோக்களை வரிசையாக வைத்துப் பார்த்துச் சொன்னார், தலைக்குள் பட்டாணி மாதிரி ஒரு சுரப்பியாம், அதில் கட்டியாம், அது வளர்ச்சி ஹார்மோனை அளவில்லாமல் சுரக்கிறதாம். என் இதயம் பலவீனம் என்பதால் இப்போது ஆபரேஷன் வேண்டாம், மாதம் ஒரு ஊசி என்றார்.

அந்த ஊசி எனக்குக் கேட்குமா என்று முன்கூட்டிப் பார்க்க ஒரு ஸ்கேன். உடம்பில் உலோகமே இருக்கக் கூடாதாம். தாலியைக் கழற்றி மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டிக்கொண்டேன், மெட்டி மட்டும் தடித்த விரலை விட்டு வரவில்லை, ஆசாரியைக் கூப்பிட்டோம். உன் பூவம்மாள் சித்தி, புருஷன் இருக்கசொல்ல மெட்டிய வெட்டுவியாக்கா, ஆவாதுக்கா என்று ஒரே கத்தல். அப்பா ஆசாரியிடம், நான்தான் குத்துக்கல்லாட்டம் நின்னுகினு கீறனே, நீ வெட்டுப்பா என்றார்.

ஸ்கேனில் கட்டி கறுப்பாகத் தெரிந்தால் ஊசி பெரும்பாலும் கேட்குமாம், வெளுப்பாகத் தெரிந்தால் கஷ்டமாம். எனக்கு வெளுப்பு. என் மாதிரி பத்துப் பேரில் மூன்று பேருக்குக் கேட்கலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். உன் அக்கா சொல்லக் கேட்டு நீ, அப்படியானால் ஊசியே வேண்டாம், வீணாக உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்றாயாம். நீயும் நெல் போட்ட வீட்டுப் பிள்ளைதான். விதையை ஈரச்சாக்கில் கட்டி முளைப்புப் பார்த்தோமே, குறைவாக முளைத்தது என்று ஒரு வருஷமாவது வயலைத் தரிசு போட்டோமா? கூடுதலாகத்தானே விதைத்தோம். ஆறு மாதம் கழித்து ரத்தம் பார்ப்பார்கள், கேட்கவில்லை என்றால் வேறு மருந்து இருக்கிறதாம், அதையும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். முதல் ஊசி வெள்ளிக்கிழமை போட்டாயிற்று. உன்னைக் கேட்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே.

வேளைக்குச் சாப்பிடு, துர்காதேவியை வேலைக்கும் சமையலுக்கும் தனியாக ஓட விடாதே. மூன்று பேரும் நூறு வயசு வாழ வேண்டும். பழைய போட்டோவெல்லாம் டாக்டர் ஃபைலுக்குப் போனதில் சுவரில் வெறும் ஆணிதான் இருக்கிறது. என் போட்டோ ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், நேற்று ஸ்டூடியோவில் எடுத்தது. பார்த்துப் பயப்படாதே, குழந்தையிடமும் காட்டி இதுதான் உன் ஆயா என்று சொல். நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து நிற்கிற புது போட்டோ ஒன்றை மறக்காமல் தபாலில் அனுப்பு, போனில் வேண்டாம், ஆணி காத்திருக்கிறது.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா முத்தம்மாள்