கொளுத்திய கை

ஜனவரி 14
போகியும் அதுவுமாக மூன்று ஏக்கர் கரும்பும் எரிந்துபோயிற்று. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து நான்கு நாள்தான் ஆகிறது. சாமிதுரைதான் செய்திருப்பான் — பக்கத்துக் கொல்லைக்காரன், வாய்க்கால் தகராறில் "பாத்துக்கறேன்"னு சொன்னவன். வயிறு எரிகிறது.

ஜனவரி 16
செம்மலையப்பன் கோயிலில் பிராது கட்டிவிட்டேன். "கண்ணால பாக்கலன்னா பேரு எழுதாதீங்க. கொளுத்துன கைன்னு எழுதுங்க, ஐயாவுக்குத் தெரியும்" என்றார் பூசாரி வைரக்கண்ணு. எழுதினேன்: கொளுத்திய கை முடங்க வேண்டும். சீட்டைச் சுருட்டி வேலில் கட்டிய பிறகுதான் சோறு இறங்கிற்று.

ஐயா, என் மகள் அபிநயா பிறந்தபோது இரண்டு உயிரும் தங்காது என்றார்கள். உன்னைத்தானே கூப்பிட்டேன். வந்தாயே. இதற்கும் வா.

ஜனவரி 29
சாமிதுரை திடமாக மண்வெட்டி பிடித்து நிற்கிறான். என்னதான் செய்துகொண்டிருக்கிறாய், ஐயா?

பிப்ரவரி 3
அபிநயாவுக்கு வலது கை மரத்துப்போகிறதாம். காப்பி டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். விடிய விடிய எழுதிப் படித்தால் வேறென்ன ஆகும்?

பிப்ரவரி 11
நரம்பில் ஒரு குறையும் இல்லை என்கிறார் பெரம்பலூர் டாக்டர். இவளால் பேனா பிடிக்க முடியவில்லை. அடுத்த மாதம் நர்சிங் பரீட்சை.

திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அழுதாள். "திட்டாதம்மா. ஒரு பையன் குடுத்த கார்டெல்லாம் போகி அன்னைக்கு நம்ம கரும்புக் கொல்லையில வச்சுக் கொளுத்துனேன். அணைச்சிட்டேன்னுதாம்மா நெனச்சேன்."

ஐயோ. இது என் பொண்ணுய்யா. நீ குடுத்த பொண்ணுய்யா!

பிப்ரவரி 12
விடிந்ததும் கோயிலுக்கு ஓடினேன். வைரக்கண்ணு கையை விரித்தார். "கட்டுனத அவுக்க முடியாதுங்க. ஐயா படிச்சிட்டாரு. மாத்தி எழுதிக் கட்டுனா ஒருவேளை ஏத்துக்குவாரு."

எழுதினேன்: கொளுத்தியது வளர்மதியின் கை. என் கை.

பொய் என்று ஐயாவுக்குத் தெரியாமலா இருக்கும்? பிரசவ வலியில் கண்ணுக்குள் வந்து நின்ற அதே சிரித்த முகம். இன்று நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

பிப்ரவரி 20
காலையில் அபிநயா தானே தலை பின்னிக்கொண்டாள்.

மார்ச் 9
இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போகிறது. எனக்குச் சோறு ஊட்டிவிட்டு அபிநயா பரீட்சைக்குக் கிளம்பினாள். வரும்போது ஐயாவுக்குச் சூடம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.