மிச்சம் இருக்கும் ஒரு வார்த்தை

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நாங்கள் உயிரோடும் நடமாட்டத்தோடும் இருக்கிறோம், நலம் என்று எழுதினால் அது முழு உண்மையாக இருக்காது, அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீயும் மருமகனும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் முழங்காலில் நின்று கேட்கிறேன். குழந்தைக்குச் சளி விட்டதா? நெஞ்சில் எண்ணெய் தேய்ப்பதற்கு முன் உன் கையை உரசிச் சூடாக்கிக்கொள், சில்லென்ற கையோடு தொட்டால் பயந்துவிடும். இந்த மாத வீட்டுச் செலவில் சோப்பும் பஞ்சும்தான் எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நிற்கின்றன, ஏன் என்று உனக்குத் தெரியும்.

போன தடவை போனில், "அந்த ஆள் இருக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டேன், முதல்ல அந்த வாயால உண்மையைச் சொல்லட்டும், அப்புறம் மன்னிப்பைப் பத்திப் பேசும்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வேன் கவிழ்ந்து உன் தம்பி போன அன்று ஓட்டினது உன் சித்தப்பாதான், வேலை போய்விடும் என்ற பயத்தில், செத்தவன் வந்து மறுக்கவா போகிறான் என்று, உன் தம்பிதான் ஓட்டினான் என்று போலீஸில் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த உன் அப்பாதான் தன் தம்பியை, அதாவது உன் சித்தப்பாவை, ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார், சட்டையைக் கத்தரித்தபோது நெஞ்சில் ஸ்டீயரிங் பதிந்த வளையத்தைத் தன் கண்ணால் பார்த்தார், ஆனால் பெற்றவன் சொன்னால் யார் நம்புகிறார்கள். அடங்காத பையன், அப்பன் ஆத்தா கண்டித்து வளர்க்கவில்லை என்று சபையிலேயே பேசினார்கள். அன்றிலிருந்து கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது 'நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களுக்கும் மன்னியும்' என்கிற அந்த வரி வந்தால் அப்பா வாயை மூடிக்கொள்வார், அது தாண்டினதும் மறுபடி சேர்ந்துகொள்வார், பக்கத்தில் நிற்கிற எனக்கு மட்டும் கேட்கும்.

ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன், சொன்னால் இன்னும் கொதிப்பாய் என்று பயம். பக்கவாதம் சித்தப்பாவின் ஒரு பக்கத்தோடு பேச்சையும் கொண்டுபோய்விட்டது. அவர் பெண்சாதி எப்போதோ தன் வீட்டாரோடு போய்விட்டாள், ஆஸ்பத்திரியில் கட்டிலைக் காலி பண்ணச் சொன்னார்கள், வேறு வழி இல்லாமல்தான் கூட்டி வந்தேன். உன் தம்பியின் அறையில் படுக்க வைத்தேன், வேறு அறை ஏது. "உன் இஷ்டம், ஆனா அந்த ரூம் வாசல்ல நான் கால் வைக்கமாட்டேன்" என்று அப்பா சொன்னார், சொன்னபடியே இருந்தார். சித்தப்பாவிடம் இப்போது மிச்சம் இருப்பது ஒரே வார்த்தை, ஆமா. கஞ்சி வேண்டுமா என்றால் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா. நான் சொல்வதற்கெல்லாம் ஆமா போடுகிற ஆள் உங்கள் குடும்பத்தில் இப்போதுதான் கிடைத்திருக்கிறார் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன், சிரிக்கவில்லை.

இந்த ஆமாவுக்கு ஓர் உபயோகம் கண்டுபிடித்தவள் உன் மைக்செட் அத்தை. பார்க்க வந்தவள் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டே என் கையைப் பிடித்து, "அண்ணி, போதகரையும் மூப்பர்களையும் கூப்பிட்டு அவங்க முன்னாடி கேப்போம், நீதானே ஓட்டினேன்னு. ஆமாங்கும். அவ்வளவுதான், நம்ம பிள்ளை பேரு வெளுத்துரும்" என்றாள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன் மகளே. நாற்காலி துடைத்தேன், சித்தப்பாவுக்குத் துவைத்த சட்டை மாற்றினேன், உன் தம்பி போட்டோவை எல்லாரும் பார்க்கிற மாதிரி எடுத்து வைத்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தார்கள். அப்பா கூடத்தில் இருந்தார், வாசல் தாண்டவில்லை, காது மட்டும் இங்கே இருந்தது. அத்தை குனிந்து, "சின்னண்ணே, அன்னைக்கு வண்டியை நீதானே ஓட்டினே?" என்று தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். ஆமா என்றார். மூத்த மூப்பர் ஸ்தோத்திரம் என்று தலையைக் குனிந்தார், அன்றைக்குப் பேசினவர்களில் அவரும் ஒருவர். கூடத்தில் அப்பா நாற்காலியை விட்டு எழுந்த சத்தம் கேட்டது. எத்தனை வருஷமாக இதற்கு ஏங்கினேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் சித்தப்பா அத்தையைப் பார்த்த பார்வைதான் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்க்கிற பார்வையும், அதில் ஒன்றும் இல்லை, அது எனக்குத்தான் தெரியும், தினமும் ஊட்டுகிறவள் நான். நான் கிட்டே போய், "என் பையன்தானே ஓட்டினான்?" என்று கேட்டேன். ஆமா என்றார்.

அத்தைதான், "நீங்க தாயா பேயா?" என்று கேட்டுவிட்டு அழுதுகொண்டே வெளியே போனாள். போதகர் சின்னதாக ஒரு ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினார், வைத்த காபியை யாரும் தொடவில்லை. நீயும் அத்தை கேட்டதைத்தான் கேட்பாய். நாங்கள் சொல்ல வந்தது உண்மைதான், ஆனால் பேச முடியாத பிணத்தின்மேல் தனக்கு வேண்டியதை ஏற்றிச் சொன்னதுதானே சித்தப்பா செய்த பாவம், பேச முடியாத அவர் வாயில் எனக்கு வேண்டியதை வைத்து வாங்கினால் நான் செய்வது மட்டும் என்ன. உன் தம்பி பேரைப் பொய்ச்சாட்சியால் கழுவ எனக்கு மனம் வரவில்லை. அவர்மேல் எனக்கு அன்பு பொங்கி வழிகிறது என்று நினைக்காதே, சில நாள் கஞ்சி ஊட்டும்போது கரண்டியை அங்கேயே போட்டுவிட்டு எழுந்து போகலாம் போலிருக்கும். போகாமல் உட்கார்ந்திருக்கிறேன், என் விசுவாசம் இப்போதைக்கு அவ்வளவுதான்.

அப்பா என்னோடு பேச்சை விட்டுவிட்டார். தட்டு வைத்தால் சாப்பிடுவார், எழுந்து போவார். இதற்கிடையில் நான் ஒரு தப்பு செய்தேன், சித்தப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க என் கைக்குப் பலம் போதாமல் விரிப்போடு சேர்த்து இழுத்தேன், இடுப்புத் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. ரத்தக் கறை பட்ட விரிப்பை வாளியில் ஊற வைத்திருந்தேன், காலையில் முகம் கழுவ வந்த அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு நேராக அந்த அறைக்குள் போனார், என்ன செய்யப் போகிறாரோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன். "இழுக்கக்கூடாது, உருட்டணும். இத்தனை வருஷம் என்கூட இருந்து இதுகூடத் தெரியாதா" என்று என்னைத் திட்டினார். பிறகு ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாத நோயாளிகளிடம் சொல்கிற அதே குரலில் தன் கூடப்பிறந்தவரிடம், "இப்ப உங்களைத் திருப்பப் போறேன், பயப்படாதீங்க, சரியா?" என்றார். ஆமா என்றார் சித்தப்பா. உன் தம்பியை அடக்கம் பண்ணினதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டது அதுதான் முதல். ஒரு கை தோளிலும் ஒரு கை இடுப்பிலும் வைத்து ஒரே உருட்டில் திருப்பினார், தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்தார், புண்ணைத் துடைத்தார், நெஞ்சைத் துடைக்க வந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. ஸ்டீயரிங் பதிந்திருந்த இடத்தில் இப்போது தழும்புகூட இல்லை. பிறகு அதையும் துடைத்தார்.

வெளியே வந்ததும், மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது. "மன்னிப்பு கின்னிப்புன்னு ஆரம்பிக்காதே, முதல்ல அந்தப் புண்ணு ஆறட்டும்" என்றார். அந்த ஞாயிறும் ஜெபத்தில் அந்த வரிக்கு வாயை மூடிக்கொண்டார். ஆனால் வேளா வேளைக்குப் போய்த் திருப்பிப் படுக்க வைக்கிறார்.

உன்னை வா என்று நான் கேட்கவில்லை. சித்தப்பா சொல்லட்டும் என்று மட்டும் இனிக் காத்திருக்காதே, அது இனி வராது. உன் தம்பி பேர் இங்கே அப்படியே கிடக்கும், கர்த்தர் பார்த்திருக்கிறார் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு நானும் அப்பாவும் கண்ணை மூட வேண்டியதுதான், அது போதும் என்று சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை, வர வேண்டும் என்று ஜெபிக்கிறேன், நீயும் எனக்காக ஜெபித்துக்கொள்.

கர்த்தர் உங்கள் மூவரையும் போக்கிலும் வரத்திலும் காப்பாராக, உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. அடுத்த முறை பேசும்போது அப்பா முதுகு வலிக்கிறது என்பார், ஏன் என்று கேட்காதே, தைலம் தேய்த்துக்கொள்ளச் சொல், நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா