மூக்கு ஒழுகாத ஞாயிறு

4/11 செவ்வாய். விடிந்ததிலிருந்தே மழை.

நெடுநேர ஆலோசனைக்குப் பின், துணிக் கைக்குட்டையைக் கைவிட்டு டிஷ்யூவுக்கு மாறுவதென்று தீர்மானித்தேன். எளிதில் எடுத்த முடிவல்ல. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் துணிதான். குளியலறைக் கண்ணாடி முன் நின்று முதலில் எனக்கு நானே அறிவித்தேன். பிறகு மனைவி சுசீலாவுக்கு முறைப்படி தெரிவித்தேன்.

"மொதல்ல அந்தப் பழசையெல்லாம் நீங்களே வாளியில போடுங்க. என்னால தொட முடியாது."

வரலாற்று முடிவுகளுக்குக் கிடைக்கும் வழக்கமான வரவேற்பு.

சளி வந்த வழியில் சந்தேகமே இல்லை. மொழிபெயர்க்க ஒரு சுவரொட்டி வந்திருக்கிறது. 'சளி எப்படிப் பரவுகிறது?' கிளினிக்குகளில் ஒட்ட, மூன்று மொழிகளில். தமிழ் என் பொறுப்பு. போன வெள்ளி அச்சக மேனேஜர் நாங்கள் இருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கே வந்தார். மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், தே தாரிக் என்னும் ஆற்றிய டீ வாங்கிக் கொடுத்தார். 'கைக்குள் இருமாதீர், முழங்கை மடிப்பில் இருமுக' என்ற வரியைச் சுட்டிக்காட்டிப் பாராட்டினார். பாராட்டிக்கொண்டே கைக்குள் இருமினார். விடைபெறும்போது அதே கையை நீட்டினார். குலுக்கினேன். வேறென்ன செய்வது, வேலை கொடுக்கிறவர்.

ஞாயிறு கிள்ளானில் அண்ணன் வீட்டில் பிரேயர்ஸ். அண்ணியின் சிறுநீரகம் அண்ணனுக்குள் குடிபோய் ஒரு வருடம். நன்றி சொல்லும் பூஜை. வந்த உறுப்பை உடம்பு விரட்டிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை அண்ணன் தினமும் விழுங்குகிறார். காவலாளியைத் தூங்கவைத்துவிட்டுக் குடியிருக்கிற வீடு. எனக்கு வந்தால் சளி. அவருக்குப் போனால் அதற்கு வேறு பெயர்.

போகப் போவதில்லை. இதுவும் முடிவுதான். இதை யாருக்கும் அறிவிக்கத்தான் தைரியம் வரவில்லை.

5/11 புதன். வெயில், மாலையில் மழை.

இதுவரை வந்து சேர்ந்த வைத்தியம்:
— மிளகு ரசம் (சுசீலா, இனி சு.).
— கீழ் வீட்டு ஆன்டி: இஞ்சி, கருப்பட்டி. கருப்பட்டி இல்லையென்றால் தென்னை வெல்லம், குலா மலாக்கா, பரவாயில்லையாம்.
— லிப்டில் வந்த சீன அங்கிள், ஒரே பார்வையில்: "பாடி ஹீட்டி லா, பாஸ். கூலிங் டீ குடி."
— சு.வின் தங்கை, போனில்: நெஞ்சிலும் உள்ளங்காலிலும் தைலம், மேலே சாக்ஸ். ஏன் சாக்ஸ்? "அப்பத்தான் வேல செய்யும் மாமா." 

எல்லாம் செய்தேன். ஹீட்டி, கூலிங் இரண்டும் ஒரே உடம்பில். சாக்ஸோடு படுத்து வேர்த்ததுதான் மிச்சம்.

சுவரொட்டியின் கடைசிப் பத்தி நானாகச் சேர்த்தது: 'சளியைக் குணமாக்கும் மருந்து இல்லை, தானாகச் சரியாகும். கடையில் வாங்கும் மருந்து தொல்லையைக் குறைக்கும், தொற்றைத் தடுக்காது.' மேனேஜர் வாட்ஸ்அப்பில்: "சார் லாஸ்ட் பாரா எடுத்துடலாமா? ஸ்பான்சர் மருந்துக் கம்பெனி. ஃபீல் பண்ணுவாங்க."

எடுத்தாயிற்று. அந்த இடத்தில் சிரிக்கிற குடும்பத்தின் படம். நான்கு பேர், எல்லோருக்கும் நல்ல பல்.

6/11 வியாழன். புழுக்கம்.

அண்ணிக்குப் போன் செய்தேன். சளி, வரவில்லை என்றேன்.

"வெறும் சளிதானே தம்பி? மாத்திர போட்டுட்டு வாங்க."

"டாக்டர் கூட்டம் கூடாதுன்னு சொல்லியிருக்காரே அண்ணி?"

"கூட்டத்துக்குப் போகக் கூடாதுன்னுதான் சொன்னாரு. நாங்க எங்க போறோம்? அவங்கதானே வராங்க."

இதற்குப் பதில் மருத்துவத்திலும் இல்லை, தர்க்க சாஸ்திரத்திலும் இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு: "நீங்க வரலன்னா பண்டமாரான் மாமா ஆரம்பிச்சிடுவாரு. உங்களுக்கே தெரியும்."

தெரியும். மாமா, அண்ணிக்குத் தாய்மாமன், வீடு பண்டமாரானில். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் யார்டு சூப்பர்வைசர். அவர் ஆரம்பிப்பது இப்படி: "கூடப் பொறந்தவன் குண்டுக்கல்லாட்டம் இருக்கான், கிட்னி குடுத்தது பொண்டாட்டி." நான் பரிசோதனைக்குப் போனேன், பொருந்தவில்லை. இதை மாமாவிடம் இரண்டு கல்யாணத்திலும் ஒரு கருமாதியிலும் விளக்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் "அப்படியா?" என்று புதிதாகக் கேட்டுக்கொள்வார்.

எங்கள் சொந்தத்தில், விசேஷத்துக்கு வராதவனுக்கு உடம்பு சரியில்லை என்பது கிடையாது. வராதவனுக்கு மனஸ்தாபம்.

7/11 வெள்ளி.

பார்மசி. கவுன்ட்டரில் கண்ணாடி போட்ட தமிழ்ப் பெண்.

"ஞாயித்துக்கெழம மட்டும் மூக்கு ஒழுகக் கூடாதும்மா."

"கல்யாணமா அங்கிள்?"

"பூஜை."

"பிரஷர் இருக்கா?"

"சொந்தக்காரங்க இருக்காங்க."

சிரிக்கவில்லை. அடையாள அட்டையை வாங்கிப் பெயரையும் எண்ணையும் பதிந்துகொண்டாள். "இது மூக்கத்தான் காய வைக்கும் அங்கிள். சளி போயிடாது, அடுத்தவங்களுக்கு ஒட்டத்தான் செய்யும். பேபி, வயசானவங்க, ஒடம்பு வீக்கா இருக்கறவங்க பக்கத்துல போகாதீங்க."

தலையாட்டினேன். வீக் என்றால் எந்த அளவு வீக் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லியிருப்பாள். அதனால் கேட்கவில்லை.

9/11 ஞாயிறு. மேகமூட்டம், மழை இல்லை.

காலையில் மாத்திரை. கோமுட்டர் ரயிலில் கிள்ளான். மாஸ்க். தூர நின்று, முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்புவது என்று திட்டம்.

வாசலில் கூடாரம், சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள், கேட்டரிங்காரரின் சட்டிகள். தெருவில் பாதி உள்ளே. அண்ணன் வீட்டுக்குள் நாற்காலியில், மாஸ்க்கோடு, பட்டு வேட்டியில். சதை போட்டிருக்கிறார். முகத்தில் பழைய கருமை இல்லை. போன வருடம் டயாலிசிஸில் இருந்தபோது இதே ஆள் தண்ணீரைக் கரண்டியால் அளந்து குடித்தார். இன்று சொம்போடு.

மாமா வாசலிலேயே: "என்ன தம்பி, மாஸ்க்கு? எங்க வீட்டுக் காத்து ஒத்துக்கலியா?"

"லேசா சளி மாமா."

"எனக்குந்தான் சளி." இருமிக் காட்டினார். சான்று கேட்காமலே. "நான் வரலியா? போர்ட்டுல இதுக்கெல்லாம் எம்சி லீவு எடுத்தா கப்பலு நிக்குமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணி வந்து மெதுவாக, "ஃபோட்டோ எடுக்கறாங்க தம்பி, கழட்டிடுங்களேன்." கழற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். மூக்கு சகாரா. அற்புதமான மாத்திரை. அங்கிருந்தவர்களில் பார்வைக்கு ஆரோக்கியமானவன் நான்தான்.

குழாயடியில் கை கழுவும்போது அண்ணன் பக்கத்தில் வந்தார். "மாமா பேசறத காதுல வாங்காதடா. வந்தியே, அது போதும்." ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். அவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

ஐயர் போனதும் கேக். பிள்ளைகள் ஆர்டர் கொடுத்தது; அவரை விதை வடிவம், சிவப்பு ஐசிங், 'ஹேப்பி பர்த்டே கிட்னி'. எங்களுக்குப் பூஜை முடிந்தாலும் கேக் வெட்டாமல் முடிந்ததாகாது. வெட்டினால் ஊட்டாமல் முடிந்ததாகாது. அண்ணன் மாஸ்க்கை எடுத்தார். ஒரே முள்கரண்டி. அண்ணி ஊட்டினார், பிள்ளைகள் ஊட்டினார்கள், மாமா இருமலுக்கு நடுவே இடைவெளி பார்த்து ஊட்டினார்.

"டேய், நீயும் வாடா."

"எனக்கு வேணாண்ணே. தொண்ட சரியில்ல."

மாமா கூட்டத்தைப் பார்த்து: "பாத்தீங்களா, ஒரு துண்டு கேக்கு குடுக்கக்கூட மனசு வரல."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். போய் ஊட்டினேன். அண்ணன் பாதி கடித்து, மீதியை அதே முள்கரண்டியில் என் வாய்க்குள் வைத்தார். கைதட்டல். முள்கரண்டி அடுத்தவர் கைக்குப் போனது.

ரயிலில் வரும்போது சு.: "நல்லாத்தானே போச்சு?" ஃபோட்டோ நன்றாக வந்திருக்கிறது.

10/11 திங்கள்.

மாத்திரை போடவில்லை. மூக்கு மீண்டும் பணிக்குத் திரும்பியது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நூற்றுக்கணக்கில் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் கும்பிடும் கைகள். இரண்டு பேர் இஞ்சி டீ செய்முறை கேட்டிருக்கிறார்கள்.

13/11 வியாழன். இடி, மழை. மின்சாரம் போய் வந்தது.

அண்ணி போன். "உங்க அண்ணனுக்கு லேசா சளி தம்பி. நேத்து காய்ச்சலும் ஒடம்பு வலியும். மாமா மாத்திர வாங்கிக் குடுத்துட்டுப் போனாரு. போர்ட்டுல எல்லாரும் அதான் போடறாங்களாம். போட்டதும் நல்லா வேர்த்து, தூங்கிட்டாரு."

பெயரைப் படிக்கச் சொன்னேன். எழுத்தெழுத்தாகப் படித்தார். பாரசிட்டமால் இல்லை. வலி மாத்திரை. சிறுநீரகத்துக்கு ஆகவே ஆகாத வகை.

"உடனே நிறுத்துங்க அண்ணி. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட் இருக்கே. வெறும் சளிக்குப் போய் நின்னா திட்டுவாங்க."

"திட்டட்டும்."

"சரி தம்பி."

அண்ணி சரி என்று சொல்வதில் பல வகை. இது எந்த வகை என்று எனக்குத் தெரியும். அண்ணனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். தூங்குகிறாராம். கார் எடுத்துக்கொண்டு வரட்டுமா என்றேன். "உங்களுக்கு எதுக்கு சிரமம், மழை வேற." வற்புறுத்தவில்லை. மழை வேறு.

யாரிடமிருந்து ஒட்டியது என்று அண்ணி கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. கூட்டத்தில் இருமியவர் மாமா. மூக்கு ஒழுகாதவன் நான்.

16/11 ஞாயிறு.

ஆஸ்பத்திரி. வெள்ளி சாயங்காலம் சேர்த்திருக்கிறார்கள். நிமோனியா. சிறுநீர் குறைந்துவிட்டது. அண்ணியை மட்டும் உள்ளே விடுகிறார்கள். ஆகவே சொந்தம் முழுவதும் வெளி வராந்தாவில். இரண்டு வேன். ஆரஞ்சு, ஆப்பிள், ஹார்லிக்ஸ் போன்ற ஏதோ மாவு டின். மூன்று பேர் மூக்கை உறிஞ்சுகிறார்கள்.

டாக்டர் வெளியே வந்து வீட்டில் என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டார். அண்ணி அட்டையைக் காட்டினார். முக்கால்வாசி காலி. டாக்டர் மாத்திரையின் பெயரைக் குறித்துக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

மாமா ஓரமாகப் பெஞ்சில். யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. குழுவில் நேற்றிலிருந்து அவரைக் கிழிக்கிறார்கள், பெயர் சொல்லாமல், 'சிலர்' என்று. எனக்குப் பிடித்த பொழுதுபோக்காக இருந்திருக்க வேண்டியது.

"நல்லதுன்னுதானே குடுத்தேன் தம்பி" என்றார் என்னிடம். "எனக்குக் கேக்குது அது."

சு. காதோடு: "நீங்களும் சொல்லிடுங்களேன்."

"என்னத்த?"

"ஒங்களுக்கும் அன்னிக்கு சளின்னு."

"வாசல்லயே சொன்னேனே, லேசா சளின்னு."

சு. கைப்பையைத் திறந்து சில்லறை எடுத்தாள். பிறகு அண்ணிக்குக் காப்பி வாங்கப் போனாள்.

20/11 வியாழன்.

சுவரொட்டி அச்சாகி வந்தது. மேனேஜரே கொண்டுவந்தார். இருமல் போய்விட்டது. எழுத்துப் பிழை இல்லை. சிரிக்கிற குடும்பம் மிகத் தெளிவு.

ரத்தத்தில் கழிவைக் காட்டும் அண்ணனின் பரிசோதனை எண்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. நிமோனியா அடங்க வேண்டுமென்று எதிர்ப்புச் சக்தி அடக்கும் மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். அதைக் குறைத்தால் சிறுநீரகம் கெடும். அண்ணி போனில் இதை அழகாக விளக்கினார், டாக்டர் சொன்ன வார்த்தைகளிலேயே. அழவில்லை. முதுகுப் பக்கம் கிட்னி எடுத்துத் தையல் போட்ட இடம் இன்று இழுக்கிறது என்று மட்டும் சொன்னார்.

2/12 செவ்வாய். நல்ல வெயில்.

துணி துவைத்தேன். தொண்டை சரியாகிவிட்டது, சாப்பாட்டில் ருசி தெரிகிறது. சாயங்காலம் கிள்ளான் போய் வந்தோம். அண்ணன் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். பக்கத்திலேயே சென்டரில் இடம் கிடைத்திருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி மறுபடி டயாலிசிஸ். காலை ஷிஃப்ட்.