காலி நாற்காலிக்குச் சிவப்பு விளக்கு

இன்று காலை துவாக்குடி அறையைத் திறந்து நம் ரேடார் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தேன். பெட்டிக்குப் பின்னால், அதன் பார்வையில் படாமல் நின்றுகொண்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. எதிரே ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். எதிரே இருந்தது உன் நீல பிளாஸ்டிக் நாற்காலி மட்டும்தான்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது.

இந்தப் பெட்டியைப் பற்றி யார் கேட்டாலும் நீதான் முந்திக்கொண்டு பதில் சொல்வாய். தகடு அழுத்தும் பிரஸ் பட்டறைக்காரர், எந்திரத்துக்குப் பக்கத்தில் ஆள் இருந்தால் காட்டும் பெட்டி வேண்டும் என்று முதல்முறை வந்தபோது அவரை உட்காரக்கூட விடவில்லை. "நடக்குறவங்களைக் கண்டுபிடிக்கிறது பெரிய விஷயம் இல்லீங்க. சும்மா உக்காந்திருக்காங்க பாருங்க, அவங்களைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்" என்றாய். ஆள் அசைந்தால் திரும்பி வரும் அலை மாறிவிடும். பச்சை விளக்கு எரியும். அசையாத ஆளும் பெஞ்சும் நம் மலிவான சிப்புக்கு ஒன்றுதான். அதனால் முதலில் வெற்று அறையை அதற்குக் காட்டிப் பழக்கினோம். பிறகு அந்த அறையிலிருந்து எது வேறுபட்டாலும் சிவப்பு. பழக்குவதற்கு ஒரே விதி: பட்டனை அழுத்தியதும் இரண்டு பேரும் வெளியே போய்விட வேண்டும். பத்து நிமிடம் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் நாம் நெடுஞ்சாலை ஓரக் கடையில் டீ குடிப்போம்.

சோதனைக்கு அசையாத ஆள் எப்போதும் நீதான். உட்காருமுன், நீ ஓதிக்கொண்டே உருட்டும் தஸ்பீஹ் மணிமாலையை என் கையில் கொடுத்துவிடுவாய். "இது கையில இருந்தா விரல் சும்மா இருக்காதுடி, பச்சை எரிஞ்சுடும்" என்பாய். இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகு இந்த அறையை வாடகைக்குப் பிடித்தோம். நான் ஸ்ரீரங்கத்திலிருந்தும் நீ பாலக்கரையிலிருந்தும் பஸ் பிடித்து வருவோம். அந்தக் கடைசி வாரங்களில் நீ வந்ததும் வராததுமாக நாற்காலியைத் தேடியதை நான் பார்த்தேன். பார்த்தேனே தவிர, கேட்கவில்லை.

அன்று மத்தியானம் எனக்கு மண்டை முழுக்கக் கணக்கு. பட்டனை அழுத்தி, "வா, டீ குடிச்சுட்டு வரலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். கடைக்குப் போன பிறகுதான் நீ கூட வரவில்லை என்று தெரிந்தது. மாடியில் வீட்டுக்காரம்மா அறைக்குத் தொழப் போயிருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டு, நிதானமாகக் குடித்துவிட்டு வந்தேன்.

நீ நாற்காலியிலேயே இருந்தாய். மணிமாலை மடியில் கிடந்தது. விரல்கூட அசையவில்லை.

"ஏன்டி வரலை?" என்றேன்.

"எழுந்திரிக்க முடியலை. நீ அதுக்குள்ள பட்டனை அழுத்திட்டுப் போயிட்ட. அசைஞ்சா கெட்டுப்போயிடுமேன்னு அப்படியே இருந்துட்டேன்."

பிறகு என் தோளைப் பிடித்து எழுந்தாய். நீ விலகியதும் சிவப்பு எரிந்தது. நீ இருக்கும் அறைதான் வெற்று அறை என்று பெட்டி பழகிவிட்டது. நீ இல்லாத நாற்காலிதான் அதற்கு வித்தியாசம். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். "நாளைக்கு மறுபடி பழக்கிக்கலாம்" என்றேன். மறுநாள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நீ திரும்பி வரவே இல்லை.

எழுந்திரிக்க முடியவில்லை என்று நீ சொன்னதைக் காதில் வாங்காமல் சிரித்திருக்கிறேன். அதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது. ஆளைக் கண்டுபிடிக்கும் பெட்டி செய்தவள் நான். எதிரே இருந்த உன்னை எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

இந்த ஐந்து மாதமும் அந்தப் பட்டனைத் தொடவில்லை. வந்து பெட்டியைப் போடுவேன், சிவப்பு எரியும், சற்று நேரம் பார்த்துவிட்டு அணைத்துவிட்டுப் போவேன். ஒருநாள் உன் நாற்காலியில் போய் உட்கார்ந்து மூச்சை அடக்கிப் பார்த்தேன். விளக்கு அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு அதில் உட்காரவில்லை.

நாளைக் காலை பட்டறைக்காரர் வருகிறார். அவருடைய ஆள் ஒருவனுக்குப் போன மாதம் பிரஸ்ஸில் விரல் நசுங்கிவிட்டது. "நீங்க தருவீங்கன்னுதான் காத்துக்கிட்டு இருக்கேன்மா" என்றார். காலி இடத்துக்குச் சிவப்பு காட்டும் பெட்டியை அவரிடம் கொடுக்க முடியாது. நீயே கொடுக்க விடமாட்டாய்.

இன்று பட்டனை அழுத்துமுன் நாற்காலியைப் பார்த்து, "எழுந்திரிக்க முடியுதாடி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அழுத்திவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். டீக்கடைக்காரர் பழக்கத்தில் இரண்டு கிளாஸை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தார். பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பெட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தபோது, பச்சை, சிவப்பு இரண்டு விளக்கும் எரியவில்லை. பெட்டி இப்போது சரியாக இருக்கிறது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எங்கிருந்து கிளம்பினாலும், யாராவது எழுந்திரிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன். பஸ்ஸிலும் பார்க்கிறேன், திருவானைக்காவல் கோயிலிலும் பார்க்கிறேன். காலையில் என் வீட்டைப் பூட்டும்போதும் பார்க்கிறேன். அங்கே நான் ஒருத்திதான் என்று தெரிந்தும் பார்க்கிறேன்.