குளிசை போட்ட பிறகும் வந்த சந்தோசம்

வெள்ளிக்கிழமை, இரவு

இந்த நாட்குறிப்புக் கொப்பி யார் கையில் அகப்பட்டாலும் தயவுசெய்து ஒருவருக்கும் காட்ட வேண்டாம், முக்கியமாக மாமிக்கு.

கோயிலில் மேளம் உச்சத்துக்குப் போனால் எனக்குள் ஒரு வெளிச்சம் வரும். சொல்ல முடியாத சந்தோசம் வரும். உடனே விழுந்துவிடுவேன். அம்மாள் வந்துவிட்டா என்று சனம் என்னைக் கும்பிடும். யாழ்ப்பாணத்து டொக்டர் அது மூளையில் வருகிற வலிப்பு என்றார். மூன்று கிழமையாக என் அம்மா மாமிக்குத் தெரியாமல் வலிப்புக்குக் குளிசை தருகிறா. அது அந்தச் சந்தோசத்தையும் கொண்டுபோய்விடுமோ என்று பயந்து பயந்துதான் விழுங்கினேன்.

இன்று பூசையில் மேளம் அடித்ததும் மாமி திருநீற்றுத் தட்டோடு என் முன்னால் வந்து நின்றா.

"அம்மாளே, என்ரை மகளுக்கு விசா வருமோ?"

நான் விழவில்லை.

"என்னடி, சும்மா நிக்கிறாய்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தீபம் உயர்ந்தது. இவ்வளவு நாளும் அதற்கு முன்பே விழுந்துவிடுவேன். தீப ஒளியில் அம்மாளின் முகத்தை இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதே சந்தோசம்! கண்ணீர் ஓடியது. கால்கள் மட்டும் நிலத்திலேயே நின்றன.

கதவைத் தட்டுகிறார்கள். மாமியின் குரல்.

"பிள்ளை, இண்டைக்கு அம்மாள் ஏன் வரேல்லை?"

அம்மாள் வந்தவ, மாமி. நான்தான் விழவில்—