கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு கல்யாணம்

நெப்ராஸ்கா,
நவம்பர், ஞாயிறு காலை

அன்பு மகள் டெலியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பா சுகம். நான் சுகமா என்று மட்டும் கேட்காதே.

நேற்று போனில், "கூடப் படிக்கிற டோபியாஸைக் கட்டிக்கிட்டேன்மா, படிப்புக்காகத்தான், அலட்டிக்காதே" என்றாய். அதே மூச்சில் அங்கே பனி விழுந்ததா என்று வேறு கேட்டாய். பிசைந்த மாவோடு நாற்காலியில் உட்கார்ந்தவள்தான், கையில் அது காய்ந்து உதிரும்வரை எழுந்திருக்கவில்லை.

கொலராடோவில் உனக்கு வெளிமாநிலத்தாருக்கான கூடுதல் கட்டணம் என்பது எனக்குத் தெரியாததா? கட்ட முடியாவிட்டால் கால்நடை மருத்துவப் படிப்பை விட வேண்டியதுதான் என்பதும் தெரியும். உன் வயதில் பெற்றோரின் மாநிலம்தான் பிள்ளைக்கும் கணக்காம்; கல்யாணமானால் பெற்றோரைச் சாராதவள் என்று கல்லூரி ஒப்புக்கொள்ளுமாம். அப்புறம் ஒரு வருஷம் அங்கேயே இருந்தால் உள்ளூர்க் கட்டணமாம். சாராதவள்! பத்தொன்பது வயதுவரை காய்ச்சல் வந்தால் என் மடியில் படுத்தவளுக்கு இப்படி ஒரு பட்டம்.

பாதிரியார்கூட இல்லாமல் நீங்களே நடத்திக்கொண்டீர்களாம், அந்த மாநிலச் சட்டத்தில் அது செல்லுமாம். சாட்சிக்கு அவன் நாயின் பாதத்தை மையில் தோய்த்து அழுத்தினீர்களாமே, அடி பாவி! கல்யாணம் ஆயிரம் காலத்துப் பயிர் என்பார்கள். நீ அதை ஒரு போகத்துச் சோளமாக்கிவிட்டாய்.

அப்பாவிடம் சொன்னேன். "பலே கெட்டிக்காரி உன் மக, சட்டத்தையே மடக்கிட்டாளே" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நாயைக் கூப்பிடத் தோணிச்சு, என்னைக் கூப்பிடத் தோணலியா அவளுக்கு?" என்று கேட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனவர், சாப்பிடக்கூட வரவில்லை.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. படிப்புக்காகத்தான், படிப்புக்காகத்தான் என்று நான் கேட்காமலே திரும்பத் திரும்பச் சொன்னாய். அவன் பெயரைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் இறங்கிப் போனது. பெற்றவள் காது செவிடில்லை. உன் மனசு அவனுக்குத் தெரியுமாடி? அவனும் படிப்புக்காகத்தான் என்கிறானா?

இந்த மாதக் கடைசியில் நன்றித் திருநாள் (தேங்க்ஸ்கிவிங்) விருந்துக்கு அவனையும் அழைத்து வா. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் இருவருக்கும் ஒரே படுக்கை போடவா, தனித்தனியாக இரண்டு போடவா? அதை மட்டும் ஒரு வரி எழுதிவிடு. இரண்டு என்றாலும் வா, கண்ணே. உன் பக்கத்தில் நான் படுத்துக்கொள்கிறேன்.

கோபம் தீராத, முத்தங்களும் தீராத
அம்மா