பிரமாணப் பத்திரத்தின் ஆறாவது பத்தி

கட்கி, புனே
14.9.2004

அன்பு மகன் ஜெரோஷுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே இருவரும் சுகம். மஸ்கட்டில் வெயில் தணிந்ததா? இங்கே மழை விட்டபாடில்லை. அம்மாவின் முழங்கால் தேவலை என்று எழுதத்தான் ஆசை. வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு ஆட்டோவில் போகிறோம். ஏறும்போது காலை மடக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். இதற்காகத்தானே நீ லீவில் வந்தபோது புதுக் கார் வாங்கி நிறுத்திவிட்டுப் போனாய்.

அந்தக் கார் இரண்டு மாதமாக டீலரின் கொட்டகையில் எஞ்சின் இறுகிப்போய் நிற்கிறது. வாரண்டி கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஏதோ சாக்குச் சொல்கிறான்கள் என்று போனில் உன்னிடம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை, ஜெரோஷ்.

எஞ்சினில் கரகரவென்று சத்தம் வந்ததும் டீலரிடம்தான் போனேன். புது வண்டி, ஓட ஓடச் சரியாகும் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பொறுக்குமா? முப்பத்திரண்டு வருஷம் ஃபாக்டரியில் இன்ஸ்பெக்டராக இருந்து, அடுத்தவன் வேலையில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, அம்மா கண்ணயர்ந்த நேரத்தில், வண்டிக்கு அடியில் படுத்து எஞ்சினின் எண்ணெய்த் தட்டைக் கழற்றினேன். உள்ளே தேய்ந்து உதிர்ந்த இரும்புத் துகள். அதைச் சீசாவில் போட்டுத் தேதி ஒட்டினேன். எப்படிக் கழற்றினேன், எப்படி மாட்டினேன் என்று இரண்டு பக்க ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்தும் போட்டு டீலரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்! நாலாம் நாள் எஞ்சின் நின்றுவிட்டது. வெளியாள் கழற்றியதால் வாரண்டி செல்லாது என்கிறார்கள். அத்தாட்சியாக என் ரிப்போர்ட்டின் நகலையே இணைத்திருக்கிறார்கள்.

வக்கீல் கோவிந்தராஜ் சாரைப் பார்த்தேன். முதலில் டீலருக்கும் கம்பெனிக்கும் ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் விட வேண்டுமாம். மசியாவிட்டால் நுகர்வோர் மன்றம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். வண்டியைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லியும் கேட்கலாம். ஆனால் இழுத்தடிப்பார்கள், அதுவரை வண்டியில் கை வைக்கக் கூடாது என்கிறார். கார் உன் பெயரில் இருப்பதால் மன்றத்தில் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தில் நீதான் கையெழுத்துப் போட வேண்டும். அதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அதன் ஆறாவது பத்தியில், எங்கள் தரப்பில் யாரும் எஞ்சினைத் தொடவில்லை என்று எழுதியிருந்தார். அப்போது என் ரிப்போர்ட்டை என்ன செய்வது என்று கேட்டேன். வயசானவர், செய்யாததைச் செய்ததாகப் பெருமைக்கு எழுதிவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். நல்ல மனுஷர், நமக்கு உதவத்தான் சொன்னார். ஆனால் பார்க்காததைப் பார்த்தேன் என்று நான் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டவன் இல்லை.

வீட்டில் அம்மாவுக்கு அதைப் படித்துச் சொன்னேன். அதானே, நீங்க எங்க தொட்டீங்க, கோர்ட்டுல நானே வந்து சொல்லுதேன் என்றாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

ஆறாவது பத்தியை நானே அடித்துவிட்டேன். அடித்தால் கேஸ் நிற்பது கஷ்டம் என்கிறார் சார். அடிக்காவிட்டால் நீ பொய்ச் சத்தியம் செய்ய வேண்டும். உன்னைப் பொய் சொல்ல வைத்து மீட்ட வண்டியில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போக என்னால் முடியாது. ஆட்டோவில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு போகவும் முடியவில்லை. வேறு வழி உனக்குத் தெரிந்தால் எழுது. எனக்குத் தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் கிறிஸ்மஸுக்கு வந்துவிடு. கோபம் இருந்தால் வந்து நேரில் திட்டு. கோபத்தில் வராமல் இருந்துவிடாதே. உன் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும். அதை வீணாக்கினவன் நான்தான். என்னை மன்னித்துக்கொள், அய்யா.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜேசுராஜ்